சர்க்கரை கொண்டுபோனதற்கு ஒரு கார்டு

சர்க்கரை வியாதிக்காரரைக் கட்டிக்கொண்டவளுக்கு ஊசி, மாத்திரை, உப்புச்சப்பில்லாத சமையல் என்று இருக்கிற வேலைகளோடு, மாற்றுத்திறனாளி கார்டுக்கு அலைவதும் ஒரு உத்தியோகம். நான் எட்டாவது வரை படித்தவள். இந்த உத்தியோகத்துக்கு அது தாராளம்; முழங்காலும் பொறுமையும் கெட்டியாக இருந்தால் சரி. கையில் ஜெராக்ஸ் கட்டோடும் பையில் வெல்லக்கட்டியோடும் என்னைப் போல வரிசையில் நிற்கிற அக்கா தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எங்க வீட்டுக்காரர் பெயர் சவரிமுத்து. நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். நிலக்கரி ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை அள்ளிப் போடுகிற வேலை. சர்க்கரை வந்து வெகுநாள் ஆயிற்று. அது சத்தமில்லாமல் கண்ணுக்கு ஏறிவிட்டது. வலது கண் போனது போலத்தான். இடது கண்ணில் எந்நேரமும் புகைமூட்டம். ஒரு நாள் பெல்ட் ஓரத்து நடைபாதையில் தடுக்கி விழுந்தார். கான்ட்ராக்டர் “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க” என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

மிச்சமிருக்கிற கண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் மாதாமாதம் கடலூருக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்குக் காசு வாங்குவதில்லை, போய்வருகிற செலவுதான். வெளியூரில் இருக்கிற மகனும் மகளும் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் இவர், “புள்ளைங்க காசுல நான் பஸ் ஏற மாட்டேன்” என்று ஊசியையே நிறுத்தப் பார்த்தார். கார்டு கிடைத்தால் அவர் பேரிலேயே உதவித்தொகை வரும். பஸ்ஸில் அவருக்கும், துணைக்குப் போகிற எனக்கும் சலுகை. அப்போது சாக்குச் சொல்ல முடியாது. அந்தக் கண் நிற்பதும் போவதும் அந்தக் கார்டில் இருந்தது. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, நான் கிளம்பினேன்.

பட்டியலில் இல்லை

முதலில் இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். “என்ன ஊனம்மா?” என்று கேட்டாள். “சர்க்கரைம்மா” என்றேன். அவள் திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கண் இருந்தது, காது இருந்தது, கை கால் இருந்தது. எனக்குப் பெயரே சொல்ல வராத நோய்களெல்லாம் இருந்தன. சர்க்கரையைக் காணோம்.

எனக்குக் கோபம்கூட வந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற வியாதியை எப்படிம்மா விடுவார்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைத் தன் பக்கமாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, பொறுமையாகச் சொன்னாள். சர்க்கரை உள்ளவர்கள் எல்லாரும் இதை மனசில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “அம்மா, சர்க்கரைக்கு ஒண்ணும் கெடையாதுங்க. சர்க்கரை எதைத் தூக்கிகினு போச்சோ, அதுக்குத்தான் கார்டு.”

மாப்பிள்ளைச் சட்டை

கண் என்று எழுதி மனுப் போட்டோம். குறைபாட்டை அளந்து சொல்கிற மெடிக்கல் போர்டுக்கு வரச்சொன்ன அன்று காலையில் இவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு நின்றார். பெரிய டாக்டர்களைப் பார்க்கப் போகிறோம், மரியாதையாகப் போக வேண்டாமா என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பக்கத்து வீட்டு ராணிக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. வாயும் அந்த ஊர் வெள்ளாற்று வெள்ளம் மாதிரிதான், வந்தால் நிற்காது. “கசங்கின சட்டையைப் போடு மாமா, ஒரு குச்சியை ஊணிகினு போ, வாசப்படியில ரெண்டு தரம் தடுக்கு” என்று யோசனை சொன்னாள். ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொய்த் தடுக்கல் எதற்கு, உண்மையே போதும் என்று சொல்லி நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். ராணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னாலிருந்து கத்தினாள்: “யக்கா, மாமாவைப் போர்டுக்குக் கூட்டிகினு போறியா, பொண்ணு பாக்கக் கூட்டிகினு போறியா?”

முதல் தடவை

கண் பரிசோதனை அறை இருட்டாக இருந்தது. எதிர்ச் சுவரில் எழுத்துப் பெட்டி மட்டும் வெளிச்சமாக இருந்தது. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரப் பொடி எழுத்து. சோதிக்கிற தம்பிக்கு வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருந்தது. “படிங்க அய்யா” என்றார்.

இவர் படித்தார். “ஈ. எஃப், பி. டி, ஓ, இசட்” என்று செபமாலை சொல்வது போலத் தட்டுத்தடங்கல் இல்லாமல் மேலேயிருந்து கீழே வந்துகொண்டே இருந்தார். எனக்குத் தலை சுற்றியது. தட்டில் கிடக்கிற கல்லைத் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்கிறவர், என் முகத்தைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்கிறவர், பொடி எழுத்தைப் படிக்கிறார்! மாதா புதுமை செய்துவிட்டாள் என்றே ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். கார்டுக்கு நாற்பது சதவீதம் குறைபாடு இருக்க வேண்டும். அந்தத் தம்பி என்னவோ எழுதி, காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: “கவலைப்படாதீங்கம்மா, அய்யாவுக்குப் பார்வை என்னைவிட நல்லா இருக்கு.”

புதுமை இல்லை

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, டப்பாவைத் திறந்து இட்லியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். “ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. அந்த எழுத்து உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“பொட்டி இருந்துது தெரிஞ்சுது” என்றார்.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. கான்ட்ராக்ட் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் உண்டு. அதில் தேறினால்தான் கேட் பாஸ். கண் மங்க ஆரம்பித்த பிறகு, முதலில் போய்விட்டு வருகிறவன் வரிசையில் நிற்கிறவன் காதில் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பானாம். இவர் அதை மண்வெட்டி பிடிக்கும்போதும் டீ குடிக்கும்போதும் சொல்லிச் சொல்லி உருப்போட்டிருக்கிறார். எங்கே போனாலும் அதே எழுத்துதானாம். பிள்ளைகள் படிப்பும் எங்கள் சோறும் அந்த நாலைந்து வரியில் நடந்திருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரியும். “இன்னைக்கு எதுக்குங்க சொன்னீங்க? இன்னைக்குத் தெரியலைன்னு சொல்லத்தானே வந்தோம்” என்றேன். இட்லியைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தார். “சொல்லக் கூடாதுன்னுதான் நெனைச்சேன் மேரி. வெள்ளைக் கோட்டைப் பாத்தாலே நாக்கு தானா ஓடிப்புடுது.”

மகளின் போன்

திரும்பவும் சோதிக்கச் சொல்லி மனு கொடுத்தேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்கப் போனால், ஒரு ஜன்னலில் இருந்து அடுத்த ஜன்னலுக்கு அனுப்பினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாருக்கும் கூட்டம். இதற்குள் இவர் ஊசிக்கு ஒரு மாதம் போகவில்லை. இடது கண்ணில் புகை கூடினது போலிருக்கிறது என்று தானே சொன்னார். நான் அன்று செபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டு மனுவின் ஜெராக்ஸைத் தேடினேன். மாதா தப்பாக நினைக்க மாட்டாள்.

சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். “யம்மா, போதும்மா. நானும் அண்ணனும் அனுப்பறோம். நீ ஏன் வெயில்ல நிக்கிறே?” என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் உங்க அப்பா வாங்க மாட்டார், வாங்காவிட்டால் ஊசி இல்லை, ஊசி இல்லாவிட்டால் கண் இல்லை, கார்டு வாங்காமல் விடமாட்டேன் என்று சொன்னேன். “அப்பாவுக்கு ஏத்த ஆளும்மா நீ” என்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள். “சரிம்மா, நீ போ. அந்த ஆபீஸ்காரங்களுக்காக நான் செபம் பண்ணிக்கறேன்.”

ஃபெயில் பாடம்

அடுத்த தேதி கிடைத்ததும் வீட்டிலேயே பயிற்சி கொடுத்தேன். சுவரில் மாதக் காலண்டரை மாட்டி, அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, தேதி எண்ணைத் தொட்டுக் காட்டிக் கேட்பேன். தெரிந்தால் தெரிகிறது என்று சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டிலும் பொய் கூடாது, ஊகமும் கூடாது.

“இது என்னங்க?” “பதினாலா?” “தெரியுதா, கேக்கறீங்களா?” “கேக்கறேன்.” “அப்ப என்ன சொல்லணும்?” அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, “தெரியலை” என்பார். அதைச் சொல்ல அவருக்கு மெடிக்கலில் நின்றதைவிடக் கஷ்டமாக இருந்தது. போகப்போகப் பழகிக்கொண்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராணிக்குத் தாங்கவில்லை. “ஏன்க்கா, ஊருல அவங்கவங்க பாஸ் பண்ணப் பாடம் எடுப்பாங்க. நீ என்னடான்னா மாமா ஃபெயிலாவறதுக்கு டியூஷன் எடுத்துகினு கெடக்கறே!”

வரிசையில் மிட்டாய்

இரண்டாம் தடவை போனபோது வரிசை நீளம். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்று நின்றார். திடீரென்று சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, கை நடுங்கியது, என்னைப் பார்த்து “யாருங்க?” என்றார். நான் பைக்குள் கையை விட்டு வெல்லத்தைத் தேடுகிறேன், ஜெராக்ஸ்தான் வருகிறது.

“லோ சுகர்!” என்று யாரோ சொன்னதுதான் தாமதம். முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் பைகள் எல்லாம் திறந்தன. ஒருவர் கடலைமிட்டாய், ஒரு அம்மா குளுக்கோஸ் பொட்டலம், ஒரு கால் எடுத்துவிட்ட நெல்லிக்குப்பத்து அண்ணன் வேட்டி மடிப்பிலிருந்து ஆரஞ்சு மிட்டாய். பாதி வரிசை எங்கள் ஜாதிதான், சர்க்கரை ஜாதி. இவருக்குத் தெளிவு வந்து, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். அந்த நெல்லிக்குப்பத்து அண்ணன் அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “சீக்கிரம் உள்ள வைங்கப்பா எல்லாரும். டாக்டர் பாத்தா போர்டை மூடிட்டு டயட் சொல்ல ஆரம்பிச்சுடுவாரு.”

லைட்

உள்ளே இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா. நாற்காலியைக் காட்டிவிட்டு, கண் ஆஸ்பத்திரி ஃபைலைத் தன் மேஜை விளக்கில் புரட்டிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று மனசுக்குள் செபம் சொன்னேன். ஏங்க, தெரியலைன்னு சொல்லுங்க, தெரியலைன்னு சொல்லுங்க என்று அதற்குள்ளேயே கலந்துவிட்டது.

இவர் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார். யாரும் கேட்காமலே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, “ஈ. எஃப், பி. டி, ஓ, இசட்” என்று ஆரம்பித்துவிட்டார். காலண்டர் பாடமெல்லாம் காற்றில் போயிற்று. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். சுவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவர் கும்மிருட்டாக இருந்தது. “பெரியவரே,” என்றார், “நான் இன்னும் லைட்டே போடலையே!”

சரியான வாசிப்பு

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கேட் பாஸ் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பெட்டி லைட்டைப் போட்டார். இவர் பக்கத்தில் வந்து குனிந்து, “அய்யா, இங்க உங்களை யாரும் வேலையை விட்டு நிறுத்த மாட்டாங்க. மனப்பாடத்தை வெச்சுடுங்க. கண்ணுக்கு என்ன வருதோ அது மட்டும்” என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பெரிய எழுத்தைக் காட்டினார். இவர் வாய் திறந்தது, மூடியது. “அங்க ஏதோ கறுப்பா இருக்குதுங்க. எழுத்து தெரியலைங்க.” அடுத்தது. “தெரியலைங்க.” அடுத்தது. “தெரியலைங்கம்மா.” ஒவ்வொன்றுக்கும் குரல் தாழ்ந்தது, ஆனால் நிற்கவில்லை. சொட்டு மருந்து விட்டு, மெஷினில் பார்த்து, விரலை எண்ணச் சொல்லி, எல்லாம் முடித்துக் காகிதத்தில் எழுதினார். நாற்பதுக்கு மேலே தாராளமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் தோளைத் தொட்டார்: “இன்னைக்குத்தான் அய்யா நீங்க சரியா வாசிச்சிருக்கீங்க.”

கடலூர் பஸ்

கார்டு தபாலில் வந்தது. நான் அதை மாதா படத்தடியில் வைத்துக் கும்பிட்டு எழுந்திருப்பதற்குள், இவர் தடவித் தடவிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். “எங்கேங்க?” என்றேன். “ஊசிக்கு நாள் தள்ளிப் போச்சே, கெளம்பு” என்றார். எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! தலையைக்கூட வாராமல் ஓடினேன்.

வடலூர் தாண்டிக் குள்ளஞ்சாவடி வருவதற்குள் கண்டக்டர் எங்களிடம் வந்தார். இவர் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து அவர் கைப்பக்கம் நீட்டினார். கண்டக்டர் திருப்பிப் பார்த்துவிட்டு, “துணைக்கு யாரு பெரியவரே, இந்த அம்மாவா?” என்று கேட்டார். இவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸே கேட்கிற மாதிரி சொன்னார்: “ஆமாங்க. நான் கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட். இவதான் எங்க வூட்டுல பர்மனென்ட்.”

கார்டுக்கு மனு எழுதவும் வரிசையில் நிற்கவும் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், “நல்லா இருக்கேன் சார்” என்றே பழகிய புருஷன் வாயிலிருந்து ஒரு “தெரியலை”யை வாங்குகிற வேலையை மட்டும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அக்கா தங்கச்சிகளே.