பிறர் படுத்த பை

பிறர் உடம்பின் வாடை ஊறிப்போன ஒரு பைக்குள் பெற்ற பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது? போன டிசம்பரிலிருந்து யோசிக்கிறேன். படுக்க வைத்தும் பார்த்துவிட்டேன். விடை மட்டும் கிடைக்கவில்லை.

டெல்லியில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய பிரிவில் ஏழெட்டுப் பேர் குளிர்காலத்தில் ரிஷிகேஷைத் தாண்டி ஒரு மலையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்குவது வழக்கம். போன முறை குடும்பத்தோடு போவது என்று முடிவானது. எங்கள் மகளுக்கு அப்போதுதான் ஐந்து வயது முடிந்திருந்தது. முந்தைய குளிர்காலத்தில் அவளுக்கு இரண்டு முறை இளைப்பு வந்து ஆஸ்பத்திரி வரை போயிருந்தோம். டாக்டரிடம் கேட்டேன். தாராளமாக அழைத்துப் போகலாம், நெஞ்சும் காலும் சூடாக இருந்தால் போதும் என்றார். எல்லோருக்கும் அது நல்ல செய்தியாகக் கேட்டது. எனக்கு, அவளுக்கு ஏதாவது ஆனால் அது நீ சூடாக வைத்துக்கொள்ளாததால்தான் என்று கேட்டது.

அதனால் படித்தேன். உள்ளே ஒட்டிய மாதிரி ஒன்று, நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டுமாம். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு சரோஜினி நகர் மார்க்கெட் போனேன். அங்கே ஒரு மேஜை நிறையக் குழந்தைகள் ஜாக்கெட் குவித்திருந்தார்கள். எல்லாம் யாரோ எங்கேயோ போட்டுக் கழித்தவை. ரசகற்பூர வாசனைக்கு அடியில் புளித்த பால் வாசனை. ஒரு நீல ஜாக்கெட் அளவு சரியாக இருந்தது. பையில் கைவிட்டேன். மூக்குச் சிந்தி உலர்ந்து மரக்கட்டை போலாகிவிட்ட ஒரு காகிதம் விரலில் தட்டியது. கையை உதறினேன். அடுத்ததன் கழுத்துப் பட்டையை மோந்து பார்த்தேன். அதற்கடுத்ததன் அக்குளைப் பிரித்துப் பார்த்தேன்.

கடைக்காரர் சிரித்தார். "மேடம், கப்டா லேனா ஹை யா ரிஷ்தா கர்னா ஹை?"

துணி வாங்க வந்தாயா, சம்பந்தம் பேச வந்தாயா என்கிறார். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். நான் எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட அந்தக் கையை உபயோகிக்கவில்லை. ஜாக்கெட்டை வேறு கடையில் புதிதாக எடுத்தோம்.

ஆனால் ஸ்லீப்பிங் பேக்கைப் புதிதாக வாங்க என் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. வருஷத்தில் இரண்டு இரவுக்காக வாங்கி வீட்டில் எங்கே வைப்பது என்றார். அதுவும் நியாயம்தான். வாடகைக்கு மூன்று எடுத்து வந்தார். வாத்து இறகு அடைத்த நல்ல பைகளாம். கூடத்தில் அவற்றைப் பிரித்ததுமே வீடு முழுக்க ஊறுகாயும் ஈரச் சாக்ஸும் கலந்த ஒரு நெடி. சிறிய பைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தலை வைக்கும் இடம் பழுப்பேறி எண்ணெய்ப் பிசுக்கோடு மின்னியது. நீளமான முடி ஒன்று சுருண்டு கிடந்தது. இன்னும் கீழே மஞ்சளாய் ஒரு திட்டு, ஓரங்களில் காய்ந்து விறைத்திருந்தது.

"ஏங்க, இதுல எத்தனை பேர் படுத்திருப்பாங்க?"

"நூறு பேர் படுத்திருப்பான். ரயில்ல கம்பளி தர்றான், போத்திக்கிறதில்லையா?"

"நான் போத்திக்கிறதில்ல."

"தெரியும். சென்னை வரைக்கும் நடுங்கிக்கிட்டே வருவ. சரி, என்னோடதைத் தொடாத. நான் நூத்தி ஒண்ணாவது ஆளா படுத்துக்கறேன்."

எங்கள் வீட்டில், வெளியிலிருந்து வந்த துணி எதுவும் ஒரு முறை தண்ணீரில் நனையாமல் உடம்பில் ஏறாது. கடையில் எடுத்த புதுத் துணிக்கே அதுதான் விதி. யோசிப்பதற்கு இதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிளம்ப நான்கு நாள் இருந்தது. என் பையையும் மகளின் பையையும் கொதிக்கும் கீஸர் தண்ணீரில், கிருமிநாசினி ஊற்றி ஊறவைத்தேன். சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். பிரஷ் வைத்து அடித்தேன். வாளித் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. நாலாவது அலசலிலும் நிறம் போகவில்லை. அதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது, கூடவே ஒரு திருப்தியும் வந்தது. பிறகு மகளை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி முறுக்கிப் பிழிந்தேன்.

நான்கு நாளும் வெயில் வரவில்லை. பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியவில்லை. பால்கனியில் தொங்கிய பைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. இரண்டாம் நாளிலிருந்து நாறவும் ஆரம்பித்தன. கீழ்த்தளத்தில் இருக்கும் அக்கா மாடியேறி வந்தார். நாகர்கோவில்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"எளா, மேல என்ன, கோழி ஏதும் செத்துக் கெடக்கா?"

காட்டினேன். அவர் பையைக் கையில் தூக்கி, அங்கங்கே அமுக்கிப் பார்த்தார்.

"எறகு வச்சதையா சுடுதண்ணில முக்குன? கட்டி கட்டியாப் போச்சே மக்களே. ஓரத்துல எழுதியிருக்குமே, படிக்கலையா?"

எம்.எஸ்ஸி. படித்தவள் நான். ஓரத்தில் தைத்திருந்த துண்டுத் துணியை அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். வாளியும் அதன்மேல் பெருக்கல் குறியும் போட்டிருந்தது.

இறகெல்லாம் முஷ்டி அளவு உருண்டைகளாகத் திரண்டிருந்தது. உருண்டைகளுக்கு நடுவே வெறும் துணி. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. "அம்மா, இது முட்டை போட்டிருக்கா?" என்றாள் மகள். ஹேர் டிரையரை மணிக்கணக்காகக் காட்டினேன். ஈரம் போனது. உருண்டைகளும் ஈரக் கோழி வாடையும் போகவில்லை. வேறு பை எடுக்க நேரம் இல்லை. போர்வைகள் கூட எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்று என்னையே நம்பவைத்தேன்.

சமாளிக்க முடியவில்லை. முதல் நாள் மலையில் இருட்டியதும் மூச்சு புகையாக வந்தது. மகளுக்கு மூன்று அடுக்கும் போட்டு, அந்தப் பைக்குள் விட்டு, மேலே இரண்டு போர்வை போர்த்தினேன். அரைமணியில், "அம்மா, தண்ட் லக் ரஹி ஹை" என்றாள், குளிருகிறதாம். உள்ளே கைவிட்டு அவள் பாதங்களைத் தொட்டேன். இரண்டும் சில்லென்றிருந்தன. உருண்டைகள் ஓரத்துக்கு ஒதுங்கி, அவள் முதுகு ஏறக்குறைய தரையில் இருந்தது. என் காது அவள் நெஞ்சிலேயே இருந்தது, இளைப்புச் சத்தம் வருகிறதா என்று.

என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். நான் துவைக்காத தன் பெரிய பையிலிருந்து வெளியே வந்தார். மகளைத் தூக்கி அதற்குள் விட்டார்.

"நீயும் உள்ள போ. ரெண்டு பேர் இருந்தாதான் சீக்கிரம் சூடேறும்."

"இதுலயா?"

"ஜல்தி. சூடு போயிடும்."

போனேன். பீடி வாடை, கடுகெண்ணெய் வாடை, எவருடையதோ பழைய வியர்வை. கழுத்துப் பட்டை என் கன்னத்தில் பிசுபிசுத்தது. மகளின் வாய் அந்தப் பிசுக்கிலேயே பதிந்திருந்தது. என் கையை நடுவே வைத்தேன், தூக்கத்தில் தள்ளிவிட்டாள். அவள் பாதங்களை என் தொடைகளுக்கு இடையே வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவை வெதுவெதுப்பாயின. அவள் சீராக மூச்சுவிட்டாள். நான் வாயால் மூச்சுவிட்டபடி, எனக்குப் பூச்சி ஊர்கிறது என்றும் ஊரவில்லை என்றும் மாறி மாறி நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவர், இருந்த துணியையெல்லாம் போட்டுக்கொண்டு, நான் பாழாக்கிய இரண்டு பைகளையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் அவளுக்கு ஒன்றுமில்லை. இளைப்பில்லை, சளியில்லை. குதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அதோடு விட்டிருக்கலாம். அவள் கன்னத்தில் அந்தப் பட்டையின் பழுப்பு லேசாக ஒட்டியிருந்தது போல எனக்குப் பட்டது. வெந்நீர் வாங்கி, ஜாக்கெட்டைக் கழற்றி, முகம் கழுத்து கை எல்லாம் சோப்புப் போட்டுத் துடைத்தேன். தலைமுடியின் அடியிலும் துடைத்தேன். வெந்நீர் அந்தக் காற்றில் நொடியில் ஆறியது. அவள் பற்கள் தந்தியடித்தன. "சீ, ஒரு நிமிஷம் இரு" என்று அதட்டினேன்.

அன்று மத்தியானம் இருமல் தொடங்கியது. இரண்டாம் இரவு தங்காமல் இறங்கினோம். பத்து நாள் இருமினாள். எதனால் என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரவுக் குளிர்தான் என்று சொல்லியிருப்பேன் என நினைக்கிறேன்.

இந்தக் குளிருக்கும் கிளம்புகிறார்கள். மகள் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். டாக்டர் இந்த முறையும் சரி என்கிறார். பைகள் அதே வாடகைக் கடையிலிருந்துதான் வரும். பழைய வேட்டியை உறை மாதிரித் தைத்து உள்ளே விட்டுவிடு என்கிறார் கீழ்வீட்டு அக்கா. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு சில்லிட்டுப் போகும் என்று எங்கோ படித்தேன். பட்டுத் துணி நல்லதென்று இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவதென்று தெரியவில்லை. குழந்தைகளோடு குளிரில் கூடாரத்தில் தங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்: உள்ளுறைக்கு எந்தத் துணி சரி? அதைப் போட்டால் பையின் சூடு குறையுமா? காலையில் எழுந்ததும் குழந்தையை அப்படியே, துடைக்காமல், விளையாட விட்டுவிடலாமா?