வெறுங்கை

நோய்க்காலத்தில் கல்லூரியை மூடியதும் மகள் விடுதியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. மலையில் உலுக்கிய புளியைக் கள்ளக்குறிச்சி மண்டிக்காரர் கொண்டுவந்து இறக்கியிருந்தார். நான் ஓடு தட்டினேன், மனைவி நார் உரித்தாள், மகள் கொட்டை எடுத்தாள். மூன்று பேரும் பகலெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது அந்தப் பருவத்தில் மட்டும்தான். இப்போது நினைத்தாலும் விரலில் புளி ஒட்டுவது போலிருக்கிறது.

"கம்ப்யூட்டரோட வெளையாடற மாதிரி ஒரு ஆட்டம் எழுதணும்ப்பா. செய்முறைப் பரீச்ச" என்றாள் மகள். முன்னால் குவிந்திருந்த கொட்டைகளைப் பார்த்தாள். "ஒத்தையா ரெட்டையாவே எழுதிர்றேன்."

ஒருவர் கைக்குள் கொஞ்சம் கொட்டையை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கொட்டை அவருக்கு. அவ்வளவுதான் ஆட்டம்.

"எல்லாத்தையும் ஒரே நீட்டா எழுதக்கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன். கொட்டைய மூடறதுக்கு ஒண்ணு, ஊகிக்கிறதுக்கு ஒண்ணு, யாரு ஜெயிச்சாங்கன்னு பாக்கறதுக்கு ஒண்ணு. கூப்பிட்டா வரும், அதோட வேலைய மட்டும் பாத்துட்டுப் போயிரும்."

"நம்மளாட்டம்" என்றாள் மனைவி. "உங்கப்பா ஓடு தட்டறாரு, நான் நாரு உரிக்கிறேன்." கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சந்தேகம் வந்தது. "நாம மூடனா, எத்தினி மூடனோம்னு அதுங்கிட்டயே சொல்லணுமில்ல? தெரிஞ்சுகினு சொல்றது இன்னாடி வெளையாட்டு?"

"ஊகிக்கிற ஃபங்ஷனுக்கு அந்த எண்ணிக்கையக் காட்டவே மாட்டேம்மா."

"அப்ப சரி. நம்ம வூட்டுல ஏமாத்தற வேல வச்சிக்கக் கூடாது."

பரீட்சையில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் முன்பின் ஆடிப் பார்க்காத ஒருவர், வகுப்பு மொத்தமும் பார்க்க, வீட்டிலிருந்தே ஆட வேண்டும். மகள் குறுக்கே பேசக்கூடாது. ஆட்டம் கோளாறானால் மார்க் போய்விடும். மனைவிக்கு எழுத்துத் தெரியாது. நான் ஐந்தாவது வரை படித்தவன்.

இறங்க வேண்டிய ஊர் தாண்டிவிட்டாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறவன் நான்.

"உன்னால ஆவுமாப்பா?" என்றாள் மகள்.

"ஆவும்" என்றேன்.

வாசலில் முருங்கை மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஸ்டூல் போட்டு மடிக்கணினியை வைத்தாள். சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகளின் முகங்கள். நடுவில் ஆசிரியை. "வணக்கங்க ஐயா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

முதலில் கம்ப்யூட்டர் கொட்டையை மூடிக்கொண்டது. ஒற்றை என்று தட்டினேன். ஜெயித்தேன். பக்கத்தில் மகள் மூச்சு விட்டது கேட்டது. அடுத்து என் முறை. எத்தனை கொட்டை என்று கேட்டது. யோசிக்காமல் சைபரைத் தட்டினேன்.

'ரெட்டை என்கிறேன். நான் ஜெயித்தேன்' என்று எழுத்து வந்தது.

"அது எப்பிடி?" என்று எனக்கே தெரியாமல் சத்தமாகக் கேட்டுவிட்டேன். "வெறுங்கைக்கு ஏது ஒத்த, ஏது ரெட்ட? நீதான் தோத்த!"

கட்டங்களில் இருந்த பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். மகள் கீழே குனிந்துகொண்டாள். பிள்ளையின் மார்க்கை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

"கணக்குல சைபர் ரெட்டைதானேங்க ஐயா" என்றார் ஆசிரியை.

வாசற்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கணக்கு வேறங்க, ஆட்டம் வேற. எங்க ஊர்ல எதுக்க இருக்கறவங்க வெறுங்கைன்னு தனியா சொல்லணும். சொல்லாங்காட்டி மூடனவங்களுக்குத்தான் ஜெயம்."

அது அவள் ஊர் விதி. கல்யாணமான முதல் புளிப் பருவத்தில் கரியாலூர்ப் பக்கம் ஒரு தோப்பில் வேலை. என்ன பேசுவதென்று தெரியாமல் நான் நாள்கணக்கில் பேசாமலே இருந்தேன். ஒருநாள் மத்தியானம் அவள்தான் மூடிய கையை நீட்டினாள். "ஒத்தையா ரெட்டையா?" ஒத்தை என்றேன். விரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை. "தோத்துட்டீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு அவளிடம் பேச்சு வந்தது. அதிலிருந்து எனக்கும் வெறுங்கையை நீட்டுவதே பழக்கமாகிவிட்டது.

ஆசிரியை சிரிக்கவில்லை. "எப்பவும் வெறுங்கையே நீட்டினா அவங்களேதானே ஜெயிப்பாங்க?" என்று மனைவியைக் கேட்டார்.

"கண்டுபுடிச்சி வெறுங்கைன்னு சொல்லிட்டா, நீட்டனவங்க கொட்ட மொத்தத்தையும் எடுத்துக் குடுத்துரணும்மா. அந்த பயம் இருக்குமில்ல?"

"அப்போ உன் ஆட்டம் இன்னும் முடியலம்மா" என்றார் ஆசிரியை மகளிடம். "வகுப்பு முடியறதுக்குள்ள சேர்த்துடு. உங்கப்பாவே ஆடட்டும்."

மகள் ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளின் ஆட்டம் ஒவ்வொன்றாக நடந்தது. இவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. "பழசு எதையும் கலைக்கலப்பா. வெறுங்கைக்குத் தனியா ஒரு ஃபங்ஷன். ஒத்த, ரெட்ட பாக்கறதுக்கு முன்னாடி அதக் கூப்புடுது. ஊகிக்கிறதுக்கும் மூணாவதா ஒரு வார்த்த சொல்லிக் குடுத்துட்டேன்" என்று கிசுகிசுத்தாள்.

மறுபடி என் முறை. எத்தனை கொட்டை? வேறு எண்ணைப் போட்டிருக்கலாம். விரல் தானாகச் சைபருக்குத்தான் போனது.

'வெறுங்கை' என்றது கம்ப்யூட்டர். 'எல்லாக் கொட்டையும் எனக்கே.' அதை வாய்விட்டுப் படித்தேன்.

"மாட்டிக்கினீங்களா!" என்று படியிலிருந்து கத்தினாள் மனைவி. தோப்பில் கேட்ட அதே சிரிப்பு. ஆசிரியை கைதட்டினார். மகள் என் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தோற்றவன் நான்தான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தது அப்போது எனக்கு நினைவிலேயே இல்லை.

மகள் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். வீட்டிலுள்ள அந்த மடிக்கணினி ஒயரைச் செருகினால்தான் உயிர் பெறும். புளி வரும் பருவத்தில் எப்போதாவது திறந்து அந்த ஆட்டத்தை ஆடுவேன். மனைவி எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் வெறுங்கைதானா?" என்பாள்.