குதிகாலில் கிடைத்த பதில்

அன்றைக்கு எங்கள் தோட்டத்து ஜனமே என் காலில் விழுந்தது. நான் அழுதேன். அதையும் அருள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

1978 ஆடித் திருவிழா அது. மலேசியாவில் பீடோர் பட்டணத்தைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சடக்கில், ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் மாரியம்மன் கோவில். அங்கே எனக்கு நடந்ததை அம்மாளின் பிள்ளைகளாகிய உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'ராக்கெட் டீச்சர்'. சைக்கிளில் அப்படிப் பறப்பேன். அந்தப் பறப்புக்கு முதல் அடி முதுகில் விழுந்தது. நடு முதுகில் ஒரு வலி. மழைக்காலத்தில் வந்தது, வெயில் வந்தும் போகவில்லை. தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். ஒரு வருஷம் ஓடிய பிறகு கால்கள் மரக்கட்டை மாதிரி விறைக்க ஆரம்பித்தன. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அது தெரியாமலே நடந்து போயிருப்பேன். யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் உடம்பே தூக்கிப் போடும்.

திருவிழா அன்று கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் முன்பாதத்தை ஊன்றிக் குந்தியிருந்தேன். உறுமி மேளம் முழங்கியது. அதே நேரத்தில் என் இடது கால் குதிக்க ஆரம்பித்தது. தையல் மெஷின் ஊசி போல. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. உடம்பு முழுக்க ஆடுகிறது.

"அம்மா வந்துட்டா! டீச்சர் மேல அம்மா வந்துட்டா!"

வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் வந்து விழுந்தன. இரண்டு இளைஞர்கள் என் காலைப் பிடிக்க வந்தார்கள். பூசாரி வீரையா மாமா அதட்டினார்: "விடுங்கடா! அம்மாளை அமுக்கி நிறுத்த எவனால முடியும்?"

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் என்னைச் சந்நிதியில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். மேளம் அடிப்பார்கள். குதிகால் எழும்பும். கால் ஆடும். வரிசையில் வந்து கேட்பார்கள்.

"ஆத்தா, மவனுக்கு லாரி லைசென்ஸ் கெடைக்குமா?"

"படிச்சா கெடைக்கும்" என்றேன் ஒருமுறை. அதையும் வாக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்! சிரிக்கலாம். ஆனால் அந்த வாரங்களில் நான் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவே பிடிக்க ஒன்றுமில்லாமல் வகுப்பில் விழுந்தேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கும்பிட்டார்கள். எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது.

என் அண்ணன் முத்து பீடோரில் டாக்சி ஓட்டுபவன். "நீ வா, ஈப்போவுக்குப் போலாம்" என்று ஒரு நாள் ஏற்றிக்கொண்டு பறந்தான். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர். முட்டிக்குக் கீழே சின்ன ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். லேசான தட்டுதான். என் கால் எகிறி, செருப்பு பறந்து, அவர் தோளில் பட்டது. அவர் செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஃபுட்பால் ஆடுவியா?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் நோய் வந்து ஓர் எலும்பு கரைந்து சரிந்து, உள்ளே ஓடும் நரம்புத் தண்டை நெருக்குகிறது என்றார். தலையிலிருந்து வரும் கட்டளை சரியாகக் கீழே எட்டவில்லை. அதட்ட ஆளில்லாத கால் தன் இஷ்டத்துக்குக் குதிக்கிறது. ஆபரேஷன் செய்தால் நடக்க வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் படுக்கைதான்.

இதைக் கேட்டதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆத்தா குடியிருக்கிற ஒடம்புலயா கத்தி வெக்கப் போறீங்க? புள்ள பொழைக்குமாடா?"

"ஆத்தாளும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, நரம்புலா அது!" என்று அண்ணன் கத்தினான்.

"வாயக் கழுவுடா!"

நானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அம்மாவை அழவிட்டு அந்த மேசையில் படுக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். படித்த பெண்தான், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நடுக்கம். ஒருவேளை அவள்தானோ? அவளையா நான் வெட்டி எடுக்கச் சொல்கிறேன்?

அடுத்த வெள்ளிக்கிழமை பலகையில் உட்கார்ந்தேன். மேளம் ஆரம்பித்தது. கால் ஆடியது. கண்ணை மூடி, வாழ்நாளில் ஒருநாளும் வேண்டாதபடி வேண்டினேன்: 'தாயே, இது நீ என்றால் நிற்காதே. நான் கடைசி வரை இந்தப் பலகையிலேயே கிடக்கிறேன். இது நீ இல்லை என்றால் நிறுத்திக் காட்டு. இப்போதே காட்டு.'

யார் சொல்லி என் கைகள் நகர்ந்தன என்று எனக்குத் தெரியாது. இரண்டும் என் முட்டியைப் பிடித்துக் கீழே அழுத்தின. குதிகால் சிமெண்டுத் தரையில் பதிந்தது.

நின்றுவிட்டது.

மேளம் அடித்துக்கொண்டே இருக்கிறது. கால் கம்மென்று இருக்கிறது! கையை எடுத்துக் குதிகாலைத் தூக்கினேன், குதித்தது. அழுத்தினேன், நின்றது. மறுபடியும் அப்படியே. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மாமா! மேளத்த நிறுத்தாதீங்க! வந்து நீங்களே அமுக்கிப் பாருங்க!"

வீரையா மாமா தயங்கித் தயங்கி வந்து என் முட்டியில் கை வைத்து அமுக்கினார். நின்றது. கையை எடுத்தார். ஆடியது. அவர் அம்மாளின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார், இந்த முறை சந்நிதியைப் பார்த்து.

"நாந்தான் சொன்னேன், அம்மாளை அமுக்கி நிறுத்த எவனாலயும் முடியாதுன்னு. இது அமுக்கினா நிக்குது. இது அவ இல்ல. அவளே காட்டிட்டா. புள்ளையக் கொண்டு போங்க."

அம்மா பக்கத்தில் நின்ற அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மரம் மாதிரி நிக்கிறியே, டாக்சிய எடுடா!"

ஆபரேஷன் பல மணி நேரம் ஓடியது என்றார்கள். பிறகு மாவுக்கட்டுக்குள் மாதக்கணக்கில் கிடந்தேன். தலையணைக்கு அடியில் அம்மா வைத்த வேப்பிலையை நர்ஸ் எடுத்துப் போடுவார். அம்மா மறுபடியும் வைப்பாள். ஒரு காலையில் இடது கட்டைவிரலை அசைக்க நினைத்தேன். நான் நினைத்ததும் அசைந்தது, நான் நினைத்ததும் நின்றது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி "தாயே!" என்று கத்திவிட்டேன்.

1980 ஆடியில் பால்குடம் எடுத்தேன். தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து கோவில் வரை, என் காலால், மெதுவாக. கோவில் வாசற்படியில் முன்பாதம் பட்டதும் பழைய துள்ளல் வந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு அக்கா, "அம்மா வந்துட்டா!" என்று அலறினார்.

"இல்லக்கா, அது நரம்புலா! வழிய விடுங்க!" இது என் அம்மாவின் குரல்.

குதிகாலை ஊன்றினேன். நின்றது. ஏறினேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

முதுகு இன்றும் மழைக்கு முன்னால் வலிக்கும். கால் இன்றும் சில நாள் துள்ளும். சைக்கிளில் பறப்பதில்லை, உருட்டுகிறேன். பிள்ளைகள் 'ராக்கெட்' என்பதை மட்டும் விடவில்லை. அம்மாள் என் காலில் இருக்கவில்லை. என் கையில் இருந்தாள், அந்த டாக்டரின் கையில் இருந்தாள்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது உடம்பு ஆடினால், பயந்து அடைத்து வைக்காதீர்கள். அவள் முன்னால் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்கிற பிள்ளையை அவள் ஒருநாளும் கோபிக்கமாட்டாள். பதில் வந்ததும் எழுந்து நடங்கள். நான் நடக்கிறேன்.