ஓரமாக நடக்கச் சொன்னவன்

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பேப்பரில் இதே இடத்தில் நான் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? மறந்திருந்தால் சந்தோஷம். மறக்காதவர்களிடம்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

அன்று காலை ஏழு மணி இருக்கும். ஈஜோக் பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்து ஆட்கள் பத்துப் பேர், பால் வாளியும் கையுமாக, நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தேன். நிதானமாகத் திரும்பிப் பார்த்து, நிதானமாக விலகினார்கள். வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

'தார் ரோடு என்ன உங்கள் வீட்டுக் கூடமா? நடப்பது உடம்புக்கு நல்லது – ஓரமாக நடப்பது உயிருக்கு நல்லது. வண்டிச் சத்தம் கேட்டதும் புல்லில் இறங்குங்கள். புல் கடிக்காது!'

எங்கள் ஊர் கோலசிலாங்கூரில் கார் வைத்திருக்கிற நண்பர்கள் எல்லாரும் என் கடைக்கே வந்து கையைக் குலுக்கினார்கள். புல் கடிக்காது என்ற வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான்... ஏன் பொய் சொல்ல வேண்டும்?

போன வாரம் செவ்வாய்க்கிழமை. என் ஸ்டேஷனரிக் கடையின் படியில் ஒரு பெண் வந்து நின்றார். முழங்கால் வரை செம்மண் தூசி. பெயர் அஞ்சலை. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவர்.

"பஸ்ஸில் வரவில்லையா அம்மா?"

"பஸ்ஸு எங்கங்கய்யா நிக்குது? நடுவுல நிறுத்துனா காட்டுலேருந்து கம்யூனிஸ்டுங்க சுடுவாங்கன்னு டிரைவருக்கு பயம். நடந்தே வந்துட்டேன்."

பத்துக் கட்டைக்கு மேலே இருக்கும். பத்து மைல்!

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பேப்பர் துண்டை நீட்டினார். பார்த்தால்... என் பத்தி.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இத எழுதுனவரு நீங்கதானே?"

நான்தான் என்றேன். கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் சொன்னார். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் அந்தப் பேப்பரைக் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். "பேப்பர்லயே போட்டுட்டான். இனிமே எவனும் நடு ரோட்டுல போவக்கூடாது" என்று உத்தரவும் போட்டுவிட்டார். அச்சில் வந்தது பொய்யாக இருக்குமா?

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, பின்னால் பட்டாளத்து லோரிச் சத்தம் கேட்டிருக்கிறது. நான் சொன்னபடியே அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இடுப்பளவு லாலாங் புல்லுக்குள் இறங்கினார்கள். அஞ்சலையின் புருஷன் மாரியப்பன் கால் வழுக்கி, புல்லுக்குப் பின்னால் இருந்த கால்வாயில் விழுந்துவிட்டார்.

லோரியில் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? இந்த அவசரகாலத்தில், பட்டாளத்தைக் கண்டதும் புல்லுக்குள் பதுங்குகிறவன் யார்? துப்பாக்கிகள் நிமிர்ந்தன. ஒன்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். மாரியப்பன் மட்டும் உடனே எழுந்திருக்க முடியவில்லை. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு வைக்கத்தான் அங்கே போனான் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் லாக்கப்பில் இருப்பது அன்றைக்கு நாலாவது நாள்.

"நாங்க திமிருல நடு ரோட்டுல போவலீங்கய்யா. நாங்க குடியிருக்கிற லயத்தச் சுத்தி முள்வேலி போட்ட நாள்லேருந்து அப்படித்தான் போறோம். பட்டாளத்துக்காரங்க கண்ணுக்கு நல்லாத் தெரியணும். ஓரமாப் போனா ஒளியிறோம்னு நெனைப்பாங்க."

எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. கார் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

"நீங்க போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, நான்தான் அப்படி எழுதுனேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். இல்லாட்டி தடுப்பு முகாமுக்கு அனுப்பிருவாங்கன்னு ஆபீஸ் கிராணி சொல்றாரு."

இங்கேதான், வாசகர்களே, எழுதக் கை கூசுகிறது. சந்தேகத்தில் பிடிபட்டவனுக்காகப் பேசப் போகிறவனையும் சேர்த்துச் சந்தேகப்படுகிற காலம் இது. நான் பயந்தேன். "இன்றைக்குக் கொஞ்சம் காய்ச்சல் அம்மா... நாளைக்குக் கட்டாயம் போகிறேன்" என்றேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவர் நம்பிவிட்டார். "அய்யய்யோ, ஒடம்பப் பாத்துக்குங்கய்யா. பச்சத் தண்ணியில குளிச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். என் கார் கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. காய்ச்சல்காரன் எப்படிக் கார் ஓட்டுவான்?

புதன்கிழமை நான் போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஒரு கார்க்கார நண்பர் பேனா மை வாங்க வந்தார். "ஒரே எழுத்துல ஆளுங்களத் திருத்திட்டீங்களே! ஈஜோக் ரோடு இப்ப காலியா இருக்குலா!" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலை என்னால் தாங்க முடியவில்லை. அவரை வெளியே அனுப்பிக் கடையைச் சாத்தினேன்.

ஸ்டேஷனில் மலாய்க்கார இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "என்ன எழுதியிருக்கிறீர்கள்? மலாயில் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். தார் ரோடு உங்கள் வீட்டுக் கூடமா... புல்லில் இறங்குங்கள்... புல் கடிக்காது. ஒரு வரிக்கும் அவர் சிரிக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் வீங்கிய காலோடு மாரியப்பன் நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரிக்கவில்லை.

"அந்த ரோட்டில் நீங்கள் எப்போதாவது நடந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். தோட்டத்துக்குப் போன் போட்டு மண்டோரிடமும் விசாரித்தார். சாயங்காலம் மாரியப்பனை விட்டார்கள். செவ்வாய்க்கிழமையே நான் போயிருந்தால்? அவர் இரண்டு நாள் முன்னதாக வீட்டில் இருந்திருப்பார்.

காரில் ஏற்றிக்கொண்டு போனேன். சீட் அழுக்காகிவிடுமே என்று அவர் நுனியில் உட்கார்ந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நல்லதுக்குத்தானே எழுதுனீங்க. ஒரே ஒண்ணு கேக்கணும்ங்கய்யா. நடுவுல போனா காரு இடிக்குது. ஓரத்துல போனா சுட வர்றாங்க. நாங்க எங்கதான் நடக்குறது? அதயும் பேப்பர்ல போட்டுருங்களேன்..."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டார்.

தெரியாது, மாரியப்பன். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். கார்க்காரர்களே, அவர்களால் ஒதுங்க முடியாது. ஒதுங்க வேண்டியது நாம்தான். ஆள் தலை தெரிந்ததும் வேகத்தைக் குறையுங்கள். ஹாரனைத் தொடாதீர்கள். தாண்டிப் போக இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே மெதுவாகப் போங்கள். ஐந்து நிமிஷம் லேட் ஆனால் என்ன கெட்டுப்போய்விடும்?

இந்தத் திங்கட்கிழமை காரைத் தோட்டத்து கேட்டில் நிறுத்திவிட்டு, அஞ்சலையோடும் மற்றவர்களோடும் அவர்கள் மரம் சீவுகிற வெட்டுக்காடு வரை நடந்தேன். நடு ரோட்டில்தான். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு முறை வண்டிச் சத்தம் கேட்டபோதும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இவர்கள் தினமும் இப்படித்தான் போகிறார்கள்.

பாதி வழியில் ஒரு கார் காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு உரசுவது மாதிரிப் போனது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"ஓரமாப் போங்கலா! பேப்பர் படிக்கிறதில்ல?"