பிரெஞ்சு அலமாரிக்குள் போன ஆய்வேடு

எங்கள் கல்லூரி நூலகக் கம்ப்யூட்டரில் எதைத் தேடினாலும் கிடைக்கும். புத்தகத்தின் பெயர், அலமாரி எண், பக்கத்தில் பச்சை எழுத்தில் 'உள்ளது' என்று ஒரு சொல். அதை நம்பி மாடியேறினால் அந்த இடம் காலியாக இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, அதுதான் எங்களுக்குத் தினசரிச் சாப்பாடு.

காரணம் நாங்களேதான். வெளியே கொடுக்காத புத்தகங்களை அடுத்தவர் கையில் சிக்காதபடி ஒளித்து வைப்போம். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால், அதற்கென்றே அமைந்ததுபோல் எங்கள் நூலகத்தில் பிரெஞ்சுப் புத்தகங்கள் அடுக்கிய ஒரு அலமாரி இருந்தது. வெள்ளைக்காரன் போன பிறகு அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அதன் பின்வரிசையில் வைத்தால் பத்திரம். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நேராகப் பிரெஞ்சு அலமாரிக்குப் போவது சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆய்வேடு. எங்கள் வரிச்சிக்குடிப் பக்கத்துக் கிணறுகள் இப்போது உப்பாகிவிட்டன. முன்பு அவற்றின் தண்ணீர் எப்படி இருந்தது என்று அளந்து எழுதியது அதில் மட்டும்தான் இருந்தது. தட்டச்சு செய்த ஒரே பிரதி. என் முதுகலை ஆய்வே அதை நம்பித்தான். ஒரு முறை புரட்டியபோது எங்கள் தெருக் கிணறுகூட அதில் இருந்தது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் மறுநாள் நோட்டோடு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று போனேன். அன்றிரவே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று.

அவர் தேறி நான் திரும்பி வந்தபோது, பிரெஞ்சு அலமாரி நின்ற இடத்தில் புது மேசைகள் கிடந்தன. யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துவிடச் சொல்லி உத்தரவாம். அலமாரியில் இருந்ததை அப்படியே அள்ளி மூட்டை கட்டி, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நல்லவேளை, நான் ஆய்வேட்டை அதன் இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். மாடிக்கு ஓடினேன். அங்கே அது இல்லை. பின்னாலேயே என் வகுப்புத் தோழி ஏறி வந்தாள்.

"நீ வர்றதுக்குள்ள வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு நான்தான்டி பிரெஞ்சு அலமாரில வெச்சேன். உனக்காகத்தான்."

அவளுக்காக நானும் அதைத்தான் செய்திருப்பேன். இருவருமாகப் பழைய பேப்பர் கடைக்குப் போனோம். சரக்கு காகித ஆலைக்குப் போய்விட்டது என்றார்கள். ஆய்வேட்டை எழுதியவரை விசாரித்தோம், அவரும் காலமாகிவிட்டார். நூலகர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி, உள்ளது என்றுதானே காட்டுகிறது, ஒழுங்காகத் தேடுங்கள் என்றார். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று மட்டும் தெரிந்தது.

தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள் என்று என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கெஞ்சினேன். அவர் கோபக்காரர் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

"உங்க ஊர் தண்ணி முன்னாடி நல்லா இருந்துச்சுன்னு எதை வெச்சும்மா சொல்லுவ?"

அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன் என்றேன். அதை அடிக்குறிப்பில் போட முடியாது என்றார். வேறு ஏதோ ஒரு தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்காக அம்மா குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.