சாவி கைமாறும் நேரம்

எங்கள் முதியோர் இல்லத்தில் மாடியைக் கவனிப்பவளுக்குப் ‘புயல்’ என்று பெயர். எட்டுப் பேரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஒன்பது மணிக்குள் சன்னலோரம் உட்கார்த்திவிடுவாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. விடுப்புப் படிவத்தைக் கண்டால் மட்டும் பெட்டிப் பாம்பு. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும்.

பதினொரு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து அவள் அக்கா வருகிறாள். வெள்ளி காலை வந்து, திங்கள் இரவு கிளம்பிவிடுவாள். புயல் ‘ஃப்ரம் ஃப்ரைடே டில் மண்டே’ என்று எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் திங்கள் காலை ஏழு மணிக்கே அவளுக்கு வேலை போட்டுவிட்டார்.

“சார், திங்கக்கிழமையும் சேத்துத்தானே கேட்டேன்?”

“‘டில் மண்டே’ன்னா நீ திங்கள் வேலைக்கு வந்துடுவேன்னு எடுத்துக்கிட்டேம்மா. மாத்தி எழுதிக் குடு. பன்னெண்டு மணிக்கு வேலைப் பட்டியலை ஒட்டிடுவேன்.”

புயல், சமையல்காரர், நான் மூவரும் துணி மடிக்கும் அறையில் கூடினோம்.

“‘பை மண்டே’ன்னு போடு” என்றார் சமையல்காரர்.

“போட்டா, திங்களுக்குள்ள வந்து நிக்கணும்” என்றேன்.

“அப்ப ‘ஃபார் ஃபோர் டேஸ்’?”

“எந்த நாலுன்னு கேப்பாரு.”

“நல்லா வந்தீங்க ரெண்டு பேரும்! நீங்க முடிவு பண்றதுக்குள்ள எங்கக்கா வந்துட்டுத் திரும்பிடுவா” என்று சிரித்தாள் புயல். கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது. பதினொன்று நாற்பது.

சட்டென்று எழுந்து மருந்து அலமாரியின் சாவி நோட்டை எடுத்து வந்தாள். யார் கொடுத்தார், யார் வாங்கினார், தேதி, மணி, இரண்டு கையெழுத்து. அதில் குழப்பம் வந்தால் யாருக்கோ மாத்திரை தப்பிவிடும் என்பதால், எங்களில் எவரும் அதைத் தப்பாக எழுதியதில்லை. அன்றாடம் அவள் எழுதும் அதே ஆங்கிலத்தில் படிவத்தை நிரப்பினாள்: வியாழன், பதினான்காம் தேதி, மாலை ஏழு மணிக்குச் சாவி கொடுக்கிறேன். செவ்வாய், பத்தொன்பதாம் தேதி, காலை ஏழு மணிக்குச் சாவி வாங்குகிறேன். இடையில் விடுப்பு.

மேற்பார்வையாளர் படித்தார். “இப்படி எழுதினா நான் என்னத்தைக் கேக்கறது?” என்று கையெழுத்துப் போட்டார்.

திங்கள் மதியம் என் கைபேசி அடித்தது. அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் பேசினார்கள்; ஒரு சொல்லும் புரியவில்லை. நடுநடுவே சிரிப்பு வேறு.

“வைங்கடி, எனக்கு வேலை கெடக்கு” என்றேன்.

அவர்களும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே மாடிப் பெரியவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்தேன்.