காலண்டர் தாளில் எட்டாவது வரி

அந்த மூன்று மாதமும் நான் ஓரிடத்தில் ஒழுங்காக உட்கார்ந்ததாக ஞாபகமே இல்லை. வேலை பார்க்கும் ரிசார்ட்டில் வந்தவர்களுக்கு அறைச் சாவியைக் கொடுத்துக்கொண்டே மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு சர்வீஸ் முடிகிறது. முடிந்தால் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து ஒப்படைத்துவிட வேண்டும். அம்மாவின் சர்வீஸ் பணம், என் சீட்டுப் பணம், தம்பி ஜீப் ஓட்டிச் சேர்த்தது, மிச்சத்துக்கு பேங்க் லோன். இவ்வளவுதான் எங்கள் கையிருப்பு. ஒரு தடவை ஏமாந்தால் இன்னொரு வீடு வாங்க இந்த ஜென்மத்தில் வழி கிடையாது.

எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் சூரியநெல்லியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. சரிவில் கட்டிய இரண்டு அறை வீடு, தகரக் கூரை, சுவரெல்லாம் புது மஞ்சள் பெயிண்ட். விற்கிறவர் போடிக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருக்கப்போகிறாராம். அம்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. தம்பி ஜீப் நிறுத்த இடம் பார்த்தான், இருந்தது. நல்ல வீடு என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த மஞ்சளைப் பார்த்ததிலிருந்து சந்தேகம். ஊரை விட்டே போகிற மனுஷன் பெயிண்டில் எதற்குக் காசைக் கொட்டுகிறார்? திங்கட்கிழமைக்குள் அட்வான்ஸ் வேண்டும் என்று வேறு அவசரப்படுத்தினார்.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் செலவை எழுதினேன். அட்வான்ஸ், ஆதாரம் (பத்திரத்துக்கு இங்கே அதுதான் பேர்) பதிய, ஆதாரம் எழுதுகிறவருக்கு, புரோக்கருக்கு, பேங்க்கில் கட்ட, சாமான் வண்டி, புது வீட்டுப் பால்காய்ச்சுக்குக் கறிச்சோறு. ஏழு வரி. எட்டாவதாக ‘இன்ஜினியர், வீடு பார்க்க’ என்று எழுதினேன். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“வீட்டப் பாக்கக் காசாக்கா? பொண்ணு பாக்கப் போனாக்கூட நமக்குத்தான் பஜ்ஜி குடுப்பாக!”

“சிரிடா. மழையில செவரு தலையில விழுகும்போதும் இப்படியே சிரி.”

கோபமாகச் சொல்லிவிட்டேனே தவிர, எட்டாவது வரிக்குக் காசு எங்கே இருக்கிறது? தொட முடிந்தது பால்காய்ச்சு ஒன்றைத்தான். லயத்தை விட்டுப் போகிறவர்கள் லயம் முழுக்கக் கறிச்சோறு போட்டுவிட்டுத்தான் போவார்கள். அதுதான் எங்கள் வழக்கம். நான் கறிச்சோற்றை அடித்துவிட்டு ‘டீ, வடை’ என்று எழுதினேன். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏட்டி, இத்தன வருசமா ஊரு வீட்டுக் கறியெல்லாம் தின்னுட்டு, எம்முறை வரும்போது வடையக் காட்டச் சொல்லுதியா? எம்மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?”

“சோறு போட்டுட்டு எங்க போய்ப் படுப்ப?” என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை அடிமாலியிலிருந்து இன்ஜினியர் வந்தார். சுவரைத் தட்டினார், கூரையில் ஏறினார், வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அது எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார். கோபத்தை மறந்து அம்மாவும் அவர் பின்னாலேயே சுற்றினாள். வீடு மோசமில்லை, பின்னால் மண் சரியாமல் கட்டிய தடுப்புச்சுவர்தான் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது, விரிசலைப் பெயிண்ட் மூடியிருக்கிறது என்றார் அவர். பெரிய மழை இரண்டு பெய்தால் நிற்காது, இடித்துத்தான் கட்ட வேண்டும். செலவையும் சேர்த்து இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகைக்கு என் காலண்டர் தாளில் வரியே இல்லை.

அம்மாவின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. “எழுதியே குடுத்துட்டாகளா? அப்பச் சரி. இத யாருகிட்டக் குடுக்கணும்? எப்ப வருவாக?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. லயத்தில் கூரை ஒழுகினால் எழுதிக் கொண்டுபோய் எஸ்டேட் ஆபீசில் கொடுப்பாள். என்றைக்காவது ஆள் வரும், வராமலும் போகும். எங்கள் அடுப்படியில் ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டி எப்போதும் இருக்கும். ஆனால் ஒரு சுவருக்கு ஆணி வாங்கவும் அம்மா காசு கொடுத்ததில்லை. குறையைக் காகிதத்தில் எழுதிவிட்டால் அதைச் சரி செய்ய எங்கோ ஒருவர் இருக்கிறார். அவள் கணக்கு அதுதான்.

“யாரும் வர மாட்டாகம்மா! இனிமே நாமதான் கம்பெனி!”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அவளை விட என் மேல்தான் ஆத்திரம். வீட்டைச் சோதிக்கக் காசு ஒதுக்கினேனே, சோதித்ததில் ஏதாவது வந்தால் என்ன செய்வதென்று ஒரு பைசா ஒதுக்கினேனா? நல்ல வீடு என்று சொல்ல வைக்கத்தான் அந்த ஆளைக் கூப்பிட்டேன் போலிருக்கிறது. பெரிய புத்திசாலி!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தால் அம்மாவைக் காணோம், இரண்டு தாளையும் காணோம். காகிதத்தை எடுத்துக்கொண்டு சூரியநெல்லிக்குப் போயிருக்கிறாள் என்றார்கள் பக்கத்து வீட்டில். ஐயோ, மானம் போச்சே என்று ஓடினேன்.

மஞ்சள் வீட்டு முற்றத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆபீஸ் வாசலில் நிற்கிற மாதிரியே தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விற்கிறவர் நாற்காலியில் சிடுசிடுவென்று இருந்தார்.

“மலையில இருக்கிற வீடுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். வேண்டாம்னா விடுங்க. வாங்க வேற ஆளு ரெடியா இருக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: “நல்லது சார். அப்ப அவுகளுக்கு இந்தப் பேப்பரக் காட்டிருங்க. அவுகளும் பிள்ளைகளோட படுக்கத்தான வாங்குவாக.”

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது. நிஜமாகவே தாளை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நீட்டிய கையை அவளும் மடக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, தாளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் விற்கிறவரே, சுவருக்கு ஆகிற செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார்.

திரும்பி மேடேறும்போது அம்மா இரண்டு தடவை நின்று அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லட்டி. இம்புட்டு நேரந்தானா?” என்றாள். “நம்ம அடுப்படிக் கூரைக்கு நான் பதினோரு வருசம் ஆபீசு வாசல்ல போய் நின்னேன்.”

லயத்துக்கு வந்ததும் காலண்டர் தாளை எடுத்து, டீ வடையை அடித்துவிட்டுக் கறிச்சோறு என்று எழுதினேன். காசு எங்கிருந்து வரும் என்று கூட்டிப் பார்க்கவில்லை.